உபகாரம் உணர்தல்

நன்றி என்னுஞ் சொல் நன்று என்பதன் அடியாகப் பிறந்து, நன்மை எனவும் உபகாரம் எனவும் பொருள்பட்டு நிற்பது. முன்னை நூல்களில் அச்சொல் ஒருவர் மற்றொருவர்க்குச் செய்த நன்மையைக் குறித்து வருவதன்றி, அந்நன்மையைப் பெற்றவர் மாற்றாகக் கூறும் உபசார மொழியைக் குறித்து வருதலை யாம் கண்டிலேம். இக்காரணம் பற்றியே திருவள்ளுவனார் தம் நூலின் 11-ஆம் அதிகாரத்திற்கு நன்றி கூறல் என்று பெயரிடாது செய்ந்நன்றியறிதல் என்று பெயரிட்டருளினார். இக்காலத்திலோ, கடைவீதியிலும் மேடையிலும் கடிதத்தின் அடியிலும் நன்றி என்று ஒரு சொல்லை உதிர்த்த அளவிலே கடமை முடிந்ததாக மக்கள் எண்ணுகின்றனர். இவர், கடன் சீட்டின் பெயரை உரக்கச் சொல்லிய அளவிலே கடன் தீர்ந்ததாக எண்ணுவாரை ஒப்பர். பெற்ற பொருளின் பெயரே பெற்றதற்கு விலையாக மாறியது சொல்வரலாற்றில் ஒரு வியப்பு. அவ்வழக்கை இனி மாற்றுதல் இயலாது, மாற்றவும் வேண்டா. ஆயினும் அறிதல் என்னும் வினை அதனால் மறைந்து போயிற்று என்பது மட்டும் நினைவிற்கொள்ளத் தக்கது.

அவ்வறிதலை நாள்தோறும் பயிலுதல் ஒருவர்தம் நோக்கினையும், அவர் செய்யுந் தொழிலினையும் எவ்வாறு திருத்தும் என்பதனைச் சித்தாந்த நெறிநின்று ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து. ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்னும் தொழிற்பகுதியை எடுத்துக்கொண்டோம். ஆலைப்புகை சூழ்ந்த நாட்டைச் சித்தாந்தப் பத்திரிகையிற் பேசுவதென்னை எனின், அப்பகுதி நாயன்மார் பலரின் திருவடி பட்ட நாடுமாம். அங்கே தொழில் செய்வாருள் சைவர் மிகப் பலர். அவர்க்குப் பயன்படாத சித்தாந்தம் ஏட்டளவில் நிற்கும்.

முதற்கண் நூற்கருத்து. சிவஞானபோதம் 11-ஆம் சூத்திரம், கண்ணுக்கும் உயிர்க்கும் உள்ள தொடர்பை உவமையாக்கி, உயிர்க்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகின்றது. கண் தானே காணாது. உயிர் கண்ணொடு கலந்து நின்று அதனைக் காணச் செய்து, தானும் உடன் காணும். அங்ஙனமே உயிர் ஒன்றை அறியுங்காலும் இறைவன் உயிரொடு கலந்து நின்று அறிவித்தும், உடன் நின்று அறிந்தும் உதவுகின்றான். இவ்விரண்டனையும் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று சிவஞான முனிவர் தம் மாபாடியத்தில் விரித்துரைப்பர். ஈண்டு நாம் நோக்கத் தக்கது யாதெனின், சூத்திரம் இவ்வுபகாரத்தைக் கூறிய பின்னரே சோர்வில்லாத அன்பைக் கூறியது என்பதாம். அன்பு செய்க என்று வறிதே ஏவாது, உபகாரம் இத்தன்மைத்து என்று காட்டி, அதனை உணர்ந்தவிடத்து அன்பு தானே நிகழும் என்பது நூலின் போக்கு. ஆகவே நன்றியறிதல் என்பது மனத்தை வலிந்து மகிழ்வித்துக் கொள்ளும் ஒரு தந்திரமன்று. உள்ள பொருளை உள்ளவாறு காணும் ஞானத்தின் கூறு அது. சூத்திரமும் பதினொன்று, குறளின் அதிகாரமும் பதினொன்று ஆனது தற்செயல்; அதன்மேல் மண்டபம் கட்ட விரும்புவார் கட்டுக, யாம் அதற்கு உடன்படோம்.

அங்ஙனமாயின், உள்ள உபகாரம் ஏன் தானே தோன்றுவதில்லை எனின், ஆணவமலத்தின் மறைப்பே காரணம் என்க. யான் செய்தேன், யான் ஈட்டினேன் என்னும் முனைப்பு எழுந்தவிடத்துப் பிறர் செய்த துணை கண்ணிற் படாது. நன்றி கொன்றவரைத் தீயர் என்று உலகம் இகழும். சித்தாந்தி அவரை முதற்கண் குருடர் என்றே இரங்குவன். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் அருளது நிலை என்னும் அதிகாரத்தில், தம்மைத் தாங்கி நிற்கும் நிலத்தை உணராமல் அதன்மேல் உலவுவாரையும், வெள்ளத்தின் நடுவே நின்று நாவறண்டு வருந்துவாரையும் உவமையாகக் காட்டியது இக்குருட்டுத்தன்மை பற்றியேயாம். இன்னுமொன்று உண்டு. உபகாரம் செய்யும் அருட்சத்தி தானும் மலம் பரிபாகப்படுங்காறும் மறைந்து நின்றே தொழில் செய்கின்றது. அதனாலன்றோ திரோதானம் என்னும் பெயர் பெற்றது? ஆகலின் மறைந்து செய்யப்படும் உதவி உதவியன்று என்று தள்ளுதற்குச் சித்தாந்தத்தில் இடமில்லை. மறைந்து செய்வதே உயிர்க்குச் செய்யப்படும் உதவியிற் பெரும்பகுதி. இதனைத் தொழிற்கூடத்திற்குக் கொண்டுசெல்லும்போது பயன் விளங்கும்.

இடையே ஓர் ஆசங்கை. எனக்கு வரும் இன்பமும் துன்பமும் என் பிராரத்த வினையின் பயனாயின், உதவியவர்க்கு யான் கடப்பாடுடையேன் ஆவது எவ்வாறு? என் வினை எனக்கு ஊட்டிற்று. அவர் கருவியாய் நின்றார். அகப்பைக்கு யாரேனும் நன்றி பாராட்டுவரோ எனின், அற்றன்று. வினை சடம், அது தானே சென்று பயன் தாராது. இறைவன் கூட்டவே கூடும். ஆகலின் வினைப்பயன் என்று கொண்டவிடத்தும் கூட்டியவன் உபகாரம் நீங்காது. மற்று, உதவிய மனிதர் அகப்பை போன்ற அறிவில் பொருளல்லர். உதவலாம், உதவாதும் இருக்கலாம் என்னும் இச்சையுடைய உயிர். அவர் இரக்கத்தால் உதவினாராயின் அவ்விரக்கம் அவருடையதே. என் வினை காரணமாக வரவேண்டிய சோறு எவ்வழியானும் வந்திருக்கலாம்; அவர் கைவழியாக, முகமலர்ச்சியோடு வந்தது அவர் செய்த நன்றி. வினைக்கொள்கையைச் செய்ந்நன்றி மறத்தற்கு மறைவிடமாகக் கொள்வோர் நம்மவருள்ளும் உளர். அவர் பிறர் தமக்குச் செய்த தீங்கை மட்டும் வினைப்பயன் என்று பொறுத்துக்கொள்ளக் கண்டிலேம்.

இனி, இக்காலத்து மனநூலார் இப்பொருளை அளந்து பார்த்திருக்கின்றனர். அமெரிக்க நாட்டில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் இருவர் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் முன்னோடியாகப் பேசப்படுவது. மாணவர்களை வகுத்து, ஒரு பிரிவார் தாம் நன்றி பாராட்டத் தக்கன என்று கருதுவனவற்றை ஐந்து அளவும், மற்றொரு பிரிவார் தமக்கு நேர்ந்த தொல்லைகளையும், பின்னொரு பிரிவார் நேர்ந்த நிகழ்ச்சிகளையும் வாரத்திற்கு ஒருமுறை எழுதி வருமாறு பத்து வாரம் பயிற்றினர். முதற்பிரிவார் தம் வாழ்க்கையை ஏனையோரினும் நன்றென்று மதித்தனர். வரும் வாரத்தை நம்பிக்கையோடு நோக்கினர். நரம்பு, தசை நோயுற்றாரிடத்து 21 நாள் நாள்தோறும் இதனைப் பயிற்றியபோது, அவர்தம் உறக்கமும் மிகுந்ததாக எழுதினர். பின்வந்த ஆராய்ச்சிகள் பலவற்றையும் தொகுத்து நோக்கினோர், பயன் உண்டு, ஆயினும் அது சிறிதே என்று அடக்கமாகக் கூறுவர். அவ்வடக்கம் பாராட்டத் தக்கது. வாழ்க்கையே தலைகீழாக மாறும் என்று புத்தகம் விற்போர்க்கு அஃதில்லை.

இவற்றினும் நம் கருத்தை மிகக் கவர்வது சோன்யா லியூபோமிர்ஸ்கி என்பாரும் பிறரும் 2005-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டிய ஒன்று. ஆறு வாரப் பயிற்சியில், வாரத்திற்கு ஒருமுறை நன்மைகளை எண்ணியவர் பயனடைந்தனர். வாரத்திற்கு மும்முறை எண்ணியவர் அடைந்திலர். அங்ஙனமாயின் நாட்பயிற்சி என்று நாம் கூறுவது என்னாவது? ஒரே பட்டியலை நாவினால் ஒப்பிப்பது பழகிப் புளித்துப்போம் என்பதே இதன் பொருளாக யாம் கொள்கின்றோம். உடல்நலம், குடும்பம், உண்ணும் சோறு என்று திங்களன்று எழுதியதனையே புதனன்றும் எழுதுவார்க்கு அஃது என்ன உணர்த்தும்? சூத்திரம் வேண்டுவது சோர்வில்லாத அன்பு. அச்சோர்வின்மை, ஒன்றையே பன்முறை சொல்லுதலால் வருவதன்று. நேற்றுவரை காணாத உபகாரம் ஒன்றை இன்று காண்டலால் வருவது. காணத்தக்கவை தீர்ந்துபோமோ எனின், தீரா. தனு, கரண, புவன, போகம் என்று நான்காக வகுத்த நூலாசிரியர், ஒவ்வொன்றும் விரிக்கின் எல்லையற்றது என்பதனை அறியாதவரல்லர்.

இப்பயிற்சிக்கு ஏடும் எழுதுகோலும் வேண்டுமோ எனின், வேண்டா என்பதற்குச் சான்று நாம் எடுத்துக்கொண்ட நாட்டிலேயே உளது. சென்னைச் சென்ட்ரல் நிலையத்தினின்றும் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் புறநகர் இரயில், திருநின்றவூர் வழியாகச் செல்கின்றது. பூசலார் நாயனார் திருவவதாரம் செய்த தலம் அதுவே. கையிற் பொருளின்றிக் கோயிலெடுக்க விழைந்த அப்பெரியார், மனத்தினுள்ளே பொருள் தேடி, தச்சரைத் திரட்டி, நன்னாளில் அடிநிலை இட்டு, இரவும் உறங்காது அடுத்தடுத்துப் பணி செய்து, ஒன்றையும் விட்டுவிடாமல் முடித்தார் என்பது திருத்தொண்டர் புராணத்தாற் பெறப்படும். காஞ்சியிற் கற்றளி எழுப்பிய காடவர்கோன் குறித்த நாளிலேயே இவர் குடமுழுக்கு நாளும் அமைந்தது. மனத்தால் நினைப்பது எளிதென்று எண்ணுவார் இவ்வரலாற்றை ஊன்றி நோக்குக. பூசலார் நினைத்தது, கோயில் ஒன்று வேண்டும் என்னும் பொதுநினைவன்று. இன்ன கல், இன்ன வரி, இன்ன நாளின் வேலை என்று துணிந்து நினைத்தார். நன்றியறிதற்கும் விதி இதுவே. எல்லார்க்கும் எல்லாவற்றிற்கும் நன்றி என்பது ஒருவர்க்கும் ஒன்றற்கும் நன்றியன்று. இன்னார், இன்ன வேளையில், இன்னது செய்தார், அது செய்யாராயின் இன்னது நேர்ந்திருக்கும் என்று வரையறுத்து நினைத்தலே அறிதலாம். காக்களூர்த் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் அவ்விரயிலிற் செல்லும் தொழிலாளர்க்கு, நெருக்கத்தில் நின்றபடியே செய்யத்தக்க வழிபாடு இதனினும் வேறில்லை.

பயிலும் முறையை ஒருவாறு கூறுதும். காலையில் திருநீறு இடும்போது, உறங்கிய கருவிகரணங்கள் மீளத் தத்தம் தொழிலிற் புகுந்தமை நம் செயலன்று என்பதனை ஒருகணம் நினைக்க. உண்ணுமுன், சோற்றை ஆக்கியவர் முகத்தையேனும் மனத்திற் கொள்க. தாயும் மனைவியும் இருபது ஆண்டு ஆக்கிய சோறு உபகாரமாகத் தோன்றாமல், விருந்திற்கு ஒருநாள் அழைத்தவர் இட்டது மட்டும் உபகாரமாகத் தோன்றுதல் மறைப்பின் இயல்பு. இரவிற் செய்வதே சிறந்தது. ஐந்தெழுத்தை நினைந்து படுக்குமுன், அன்று கண்ட உதவி ஒன்று, அன்றுவரை காணாதிருந்து அன்று புலப்பட்ட உதவி ஒன்று, தான் இன்னும் செய்யாது நிற்கும் கைம்மாறு ஒன்று ஆகியவற்றை ஆராய்க. மூன்றாவதனை விடுவார் பலர். அதனை விடின் இப்பயிற்சி வெறும் இனிப்பாய் முடியும். ஐந்தெழுத்தில் உயிரைக் குறிக்கும் யகரம், ஒருபால் நகர மகரங்களும் ஒருபால் சிகர வகரங்களும் நிற்க இடைநின்றமையை உமாபதியார் உணர்த்தியது அறிவார்க்கு, இவ்விரவு ஆராய்ச்சி யகரம் எப்பால் திரும்பி நின்றது என்று பார்த்துக்கொள்ளும் அளவே என்பது விளங்கும்.

இனித் தொழிலிடத்து இது பயன்படுமாறு. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் நிறுவனம் அமைத்த தொழில் வளாகத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், பழைய இரும்பை மின்னுலையில் உருக்கி, வார்த்து, கட்டடக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் உள. பீகார், ஒடிசா முதலிய தொலைநாடுகளினின்று வந்து இந்நாட்டாரோடு உடன் உழைப்பார் மிகப் பலர். உலையருகே நிற்பவன் உயிர், அவன் காணாத பலர் கையில் இருக்கின்றது. உலைக்குள் இடும் பழைய இரும்பில் நீர் தேங்கிய குழாயோ, வாய் மூடிய கலமோ கலந்திருப்பின் அது வெடித்து உருகிய இரும்பைச் சிதறும். ஆகலின் குவியலைத் தெரிந்து பிரித்தவன் அவனைக் காத்தவன். தூக்குப்பொறியின் சங்கிலியை முன்னிரவில் நோக்கித் தேய்ந்த வளையத்தை மாற்றியவன் அவனைக் காத்தவன். இவரெல்லாம் அவன் வேலை தொடங்குமுன் வீட்டிற்குப் போயினர்; முகமும் அறியான். திரோதானத்தைப் பற்றி மேலே கூறியது இதுவே. மறைந்து நின்று காத்தவரை நாள்தோறும் நினைக்கப் பழகியவன், தானும் தன் முறை முடிந்து போகும்போது, பின்வருபவன் பொருட்டுச் சங்கிலியை நோக்காமற் போகான். இவன் வேலை திருந்துவது மேற்பார்ப்பார்க்கு அஞ்சியன்று. தன்னைக் காத்த முகமறியாதவர்க்குச் செய்யுங் கைம்மாறு, தானும் முகமறியாத ஒருவனைக் காத்தலே என்று அவன் உணர்ந்தமையாற் பிறந்த திருத்தம் அது.

நம் முன்னோர் இதனை ஆயுத பூசையில் வைத்தனர். மகாநவமியன்று பொறிகளை நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரிகடலை படைத்துத் தொழுதல் இன்றும் அப்பகுதி ஆலைகளில் நடைபெறுகின்றது. வடநாட்டுத் தொழிலாளர் தம் நாட்டு வழக்கப்படி ஆவணி, புரட்டாசியை ஒட்டி விசுவகர்மாவுக்கு நாள் வைத்துக் கொண்டாடுவர். உழுத எருதுக்கு நம்மவர் மாட்டுப் பொங்கல் வைத்ததும் இவ்வினமே. கருவியைத் தொழுவது கல்லாமை என்று நகுவாரும் உளர். கருவி சடமே, தொழப்படுவது அதனூடு நின்று உதவும் சத்தி. நாம் வருந்துவது வேறொன்று. ஒருநாள் சந்தனமிட்ட சுத்தியலை மறுநாள் முதல் மூலையில் எறிவதும், பொறிக்குப் பூசணிக்காய் உடைத்துவிட்டு அதனருகே ஆண்டு முழுதும் நிற்பவனை நிமிர்ந்தும் பாராததுமே அது.

திருவள்ளூர் வழிக்குப் பூசலார் போலக் கும்மிடிப்பூண்டி வழிக்குக் கலிய நாயனார் வாய்த்தார். அவ்விரயில் செல்லும் திருவொற்றியூரிலே, சக்கரப்பாடித் தெருவில், செக்குத் தொழில் செய்வார் மரபில் தோன்றி, செல்வமுள்ளபோது திருக்கோயிலின் உள்ளும் புறமும் விளக்கெரித்தவர் அவர். செல்வம் தேய்ந்தபின் தம் மரபினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அதனால் வருங் கூலி கொண்டு விளக்கெரித்தார். அவர் கொடாதொழிந்தபோது பிறர் செக்கில் ஆளாக நின்று உழைத்தார். ஆட்கள் மலிந்து அக்கூலியும் கிடையாதொழிந்த பின்னர் நிகழ்ந்தன உலகியலிற் பின்பற்றற்கு உரியனவல்ல; அவை அன்பின் முடிவைக் காட்டுவன. நாம் நோக்கத் தக்கது இடைப்பகுதி. நேற்றுவரை செக்குக்கு உடையவராய் இருந்தவர் இன்று கூலியாளாய் நின்றபோது, அவர் நோக்கு மாறவில்லை. தம் நிலை தாழ்ந்ததே என்று வருந்தியதாகச் சேக்கிழார் கூறிற்றிலர்; வருந்தியது திருவிளக்கு நின்றுவிடுமே என்பது பற்றி. தாம் பெற்ற அருளுக்கு ஆற்றும் தொண்டு ஒன்று இருந்தமையால், செக்கு ஒன்றே ஆகியும் அவர்க்கு அது இழிந்த வேலை ஆகவில்லை.

இவ்விடத்தில்தான் சிக்கல் தோன்றுகின்றது. அதனை மறைத்தல் அறமாகாது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு திருக்கோயிலில் யாம் இப்பொருள்பற்றிப் பேசி முடித்தபின், நடுவயதினராகிய தொழிலாளர் ஒருவர் வந்து, “ஐயா, நன்றியோடு வேலை செய்க என்று எங்கள் ஆலையிலும் பலகை எழுதி மாட்டியிருக்கின்றனர். எனக்குப் பதினோராண்டாக ஒப்பந்தக் கூலிதான். பக்கத்தில் நின்று அதே வேலை செய்பவர்க்கு என்னினும் இருமடங்கு. யான் இதற்கும் நன்றி அறிய வேண்டுமோ?” என்று வினவினார். இவ்வினாவிற்கு விடை கூறாத நன்றியறிதல் எதுவும் சித்தாந்திக்கு ஏலாது.

விடை இது. உபகாரம் வேறு, கடன் வேறு. கைம்மாறு கருதாது செய்யப்படுவது உபகாரம். செய்த வேலைக்குத் தருங் கூலி கடன். கடனைக் கொடுப்பவன் நல்லவன், கொடாதவன் கடன்பட்டவன், இருவரும் உபகாரி ஆகார். கடனையே உபகாரம்போற் காட்டி அதற்கு நன்றி வேண்டுதல், மறைப்பை நீக்குவதன்று, மறைப்பை இடுவது. செய்ந்நன்றியறிதலை அடுத்து வள்ளுவனார் நடுவுநிலைமையை வைத்த முறையும் இதற்குத் துணையாம். உதவியவர் செய்த நன்மையை நினைத்தவிடத்து நடுவுநிலை சாய்தலுங் கூடும். அங்கும் சாயலாகாது என்பது உணர்த்தவே அம்முறை வைப்பு என்று பரிமேலழகர் காரணங் காட்டுவர். மெய்யான உபகாரம் பெற்றவிடத்தே நடுவுநிலை தவறலாகாது எனின், உபகாரம் என்னும் பெயர் மட்டும் பூண்ட கடனிடத்து என் கூறுவது? நன்றியறிவு அறிவாகலின், நாள்தோறும் அதனைப் பயின்றவன், தனக்கு யார் எது செய்தார் என்பதனை மயக்கமின்றி அறிவன். அதனாலே தனக்குச் சேரவேண்டியது யாது என்பதனையும் மயக்கமின்றி அறிவன். அத்தொழிலாளர்க்கு யாம் கூறியது: உலையருகே உம்மைக் காக்கின்றவரை நாள்தோறும் நினையும், கூலிக்குறையை உரிய இடத்தில், உடன் உழைப்பாரோடு சேர்ந்து, அஞ்சாது முறையிடும், முன்னது பின்னதற்குத் தடையன்று. அவர் உடன்பட்டார்போலத் தலையசைத்தார். முற்றும் உடன்பட்டார் என்று யாம் துணிந்து கூறோம்.

இதற்குப் பெருஞ்சான்று அந்நாட்டிலேயே திருவெண்பாக்கம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்து, எல்லை கடந்த அளவிலே கண்ணொளி இழந்து, வழி தடவி வட திருமுல்லைவாயில் வணங்கித் திருவெண்பாக்கத்தை அடைந்தார். கோயிலுள் இருக்கின்றீரோ என்று வினவினார்க்கு, இருக்கின்றோம், நீர் சென்று வாரும் என்னும் பொருள்பட அயலார்போல விடை வந்தது. கண் வரவில்லை, ஊன்றுகோல் ஒன்று வந்தது. ஏழாந் திருமுறையில் அத்தலத்துப் பதிகம், பிழை பொறுப்பீர் என்று நம்பியன்றோ பிழைத்தேன், என்னை இங்ஙனம் விட்டால் பழி நுமக்கன்றோ என்னும் கருத்தமைய, தோழமையின் உரிமையோடு முறையிடுவது. சுவாமிகள் கோலை ஏற்றுக்கொண்டார். கண் கேட்டேனுக்குக் கோலோ என்று மறுத்துப் போகவில்லை. கோல் கிடைத்தது போதும் என்று கண்ணை மறந்தாருமல்லர். அக்கோலூன்றிப் பழையனூர்த் திருவாலங்காடு வழியாகக் காஞ்சிக்குச் சென்று இடக்கண் பெற்றார். திருவாரூர் சென்று, அங்கும் முறையிட்டு, வலக்கண் பெற்றார். கோலின் உபகாரத்தை அறிதலும், கண்ணைக் கேட்டலும் ஒருவரிடத்தே ஒருங்கு நின்றன. சினந்து அவர் கோலை எறிந்தமையால் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தலவழக்கும் ஒன்றுண்டு. அதனைக் கொள்வார்க்கும் ஒன்று புலனாகும்: சினமும் தந்தவன் திருமுன்னேயே காட்டப்பட்டது, புறத்தே சென்று தூற்றப்படவில்லை.

அத்திருவெண்பாக்கம் இன்று பழைய இடத்தில் இல்லை. கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டபோது பழங்கோயிலிருந்த இடம் நீரிற் புகுந்தது. திருவுருவங்கள் பின்னர்ப் பூண்டியில் எழுப்பிய புதுக்கோயிலில் எழுந்தருளுவிக்கப் பெற்றன. ஊன்றுகோல் தந்த பெருமான் தம் இடத்தையும் விட்டுக்கொடுத்தே சென்னைக்குக் குடிநீர் வாய்த்தது. சத்தியமூர்த்தி பெயர் தாங்கிய அத்தேக்கத்தில் 1996 முதல் ஆந்திர நாட்டுக் கிருட்டிணை நீரும் வந்து சேர்கின்றது. நீர் பருகுவோருள் இதனை அறிவார் எத்துணையர்? வெள்ளத்துள் நின்று நாவறண்டவர் என்ற உவமையை உமாபதியார் இவர்க்கென்றே வைத்தார்போலும்.

உடையவர் கடமையையும் சிறிது கூறுதல் வேண்டும். உழைப்பவர்க்கே நன்றியறிதலை ஓதி, உழைப்பைப் பெறுவார்க்கு ஓதாது விடுதல் நடுவுநிலையாகாது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிற்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் பணியாளர் நாற்பத்தொருவரை வைத்து ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ என்னும் இருவர் செய்த ஆராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. தலைவர் நேரில் வந்து, உங்கள் உழைப்பை அறிவேன் என்று கூறிச் சென்ற பிரிவார், அடுத்த வாரத்தில் முன்னையினும் ஒன்றரை மடங்கிற்கு மேற்பட்ட அழைப்புகள் செய்தனர். கூறப்படாத பிரிவார் மாறவில்லை. நன்றி பாராட்டுமாறு பணியாளர்க்குப் பலகை எழுதினாரல்லர் அத்தலைவர். தாமே அறிந்து தாமே சென்று கூறினார் என்பது கருதத் தக்கது. நம் மடங்களிலும் இதற்கு இடமுண்டு. மாகேசுர பூசையில் பந்தியில் அமர்ந்தாரை உபசரிக்கின்றோம்; மடைப்பள்ளியில் விடியுமுன் உலை வைத்தவரையும், எச்சிலிலை எடுப்பவரையும் பெயர் சொல்லி அழைக்க நம்முள் எத்தனை பேர்க்குத் தெரியும்? அவர்தம் ஊதியம் நாள் தவறாது சேர்கின்றதா என்று வினவுதலும் இந்நாட்பயிற்சியின் மூன்றாங் கூறாகிய கைம்மாற்றுள் அடங்கும்.

இறுதியாக, சமயதீக்கை பெற்ற இளைஞர் சிலர், ஆலையில் இரவு முழுதும் வேலையாதலின் காலைமாலைக் கடன்கள் முறைப்படி கூடவில்லை, மேற்கூறிய பயிற்சியை எப்போது செய்வது என்று எழுதிக் கேட்டனர். உறங்கி எழும் வேளை பகல் மூன்று மணியாயினும் அவர்க்கு அது விடியலே. திருநீறிட்டு அப்போது தொடங்குக. இரவின் ஆராய்ச்சியை, முறை முடிந்து வீடு திரும்பும் விடியற்கால இரயிலிற் செய்க. அவ்வண்டியில் உறக்கம் மேலிட்டு இடையே விட்டுப்போயின், விட்ட இடத்தினின்று மறுநாள் தொடர்க. அதற்குப் பரிகாரம் ஒன்றும் வேண்டா.